காரணம்: சும்மா

எங்கள் இயந்திரத்துக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை 'சும்மா'.

திருமணம் என்று சொன்னால் மண்டபத்தின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நாற்பது புள்ளி கொடுக்கும். வேலைக்கு நேர்காணல் என்றால் ஐம்பது, நீதிமன்றத்தில் வாய்தா என்றால் அறுபது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரைப் பார்க்க என்றால், அவர் எந்த வார்டில் எந்த நிலைமையில் இருக்கிறார் என்று ஆஸ்பத்திரியையே கேட்டு, எழுபதிலிருந்து தொண்ணூற்றைந்து வரை. இறப்புக்கு நூறு. 'சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று' என்று சொன்னால் பூஜ்யம். பூஜ்யத்துக்கு இந்த மாநிலத்தில் எந்த வண்டியிலும் இடம் கிடையாது.

புகை வரம்புச் சட்டம் வந்து, ஓடுகிற வண்டிகளைப் பாதியாகக் குறைத்த பிறகு பிறந்த ஏற்பாடு இது. ரயில், பேருந்து, விமானம், படகு, வாடகைக் கார், எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. முந்திக்கொண்டவனுக்கு இடம், காசுள்ளவனுக்கு இடம், சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவனுக்கு இடம் என்பதெல்லாம் ஒழிந்து, தேவை உள்ளவனுக்கு இடம் என்று ஆனது. போகிற ஊரையும் காரணத்தையும் சொன்னால் போதும். இயந்திரம் நாட்டிலுள்ள எல்லாப் பதிவேடுகளையும் ஒரு நொடியில் புரட்டிப் பார்த்துப் புள்ளி போடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் கைதட்டியவள்தான். அரசு இதற்கு வைத்த பெயர் 'ஒரே வழி'. மக்கள் வாயில் அது ஒரே வாரத்தில் 'ஒருவழி' ஆகிவிட்டது. நம்மை ஒருவழி பண்ணாமல் விடாது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஒருவழியில் சம்பளம் வாங்குகிறவள் நான். பெயர் இசக்கியம்மாள்.

சென்னையின் தெற்குக் கோடியில் பேருந்தும் ரயிலும் மெட்ரோவும் ஒரே கூரையின் கீழ் வந்து சேரும் முனையத்தில் எனக்கு வேலை. பலகையில் 'விதிவிலக்குப் பிரிவு' என்று எழுதியிருக்கும். ஆனால் எல்லோரும் 'தகராறு மேசை' என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். இயந்திரம் மறுத்தவர்களெல்லாம் என்னிடம் வந்து கத்திவிட்டுப் போவார்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை நான்கு வரை மேசைக்கு அடியில் என் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் நிற்காது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். கால் அதையும் சட்டை செய்யவில்லை.

முதல் வருடத்தில், அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று வண்டிக்கு வண்டி சண்டை. அதனால் காரணத்தைச் சீட்டிலேயே அச்சடித்தார்கள். இருக்கைக்கு மேலே ஒரு சின்னத் திரை வைத்து அதிலும் ஒளிரவிட்டார்கள். சண்டை நின்றது. வேறு ஒன்று தொடங்கியது. 'நேர்காணல்' என்று எரியும் பையனுக்கு வண்டி முழுக்க அறிவுரை. 'மணவிலக்கு' என்று எரிந்த தன் இருக்கையில் உட்கார மாட்டேன் என்று ஒரு பெண் விழுப்புரம் வரை நின்றுகொண்டே போனாள். 'இறப்பு' என்று எரிந்தால், அழுகிறவர்களை விடாமல் யாருங்க, எப்படிங்க, வயசென்ன என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள். பொய்க் காரணம் சொல்லி மாட்டினால் முப்பது நாள் முடக்கம். முப்பது நாளைக்கு ஊருக்குள் ஓடும் டவுன் பஸ்ஸைத் தவிர எதிலும் ஏற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயைப் போட்டு வைத்துக்கொண்டு நானும் போனில் கேட்பேன். போகிற ஊர்: அம்பாசமுத்திரம். காரணம்: சும்மா. உடனே பதில் வரும். புள்ளி பூஜ்யம், இடம் இல்லை. அங்கே என் அப்பா, அண்ணன் சொரிமுத்துவோடு இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. ஆலையில் முப்பத்தாறு வருடம் இரைச்சலில் நின்றதில் காது மந்தம், மற்றபடி சர்க்கரை கூடக் கிடையாது. அதுதான் பிரச்சினை. ஆரோக்கியமான அப்பாவைப் பார்க்க எந்தப் பதிவேட்டிலும் காரணம் இல்லை. பொங்கலுக்கு எல்லோருக்கும் இருபது புள்ளி உண்டு. ஆனால் பொங்கலன்று தகராறு மேசையை விட்டு நான் எழுந்திருக்க முடியாது. பார்த்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகியிருந்தது.

அண்ணன் போனில் திட்டுவான். உன் ஆபீஸில் உனக்கே சீட்டு இல்லையா என்பான். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போடு, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறேன் என்பான். நான் பொய் சொல்லி மாட்டினால் முடக்கத்தோடு வேலையும் போகும் என்று சொன்னால், பெரிய அரிச்சந்திரி என்று முனகிக்கொண்டு போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவான். அப்பா எப்போதும் கேட்பது ஒன்றுதான், சாப்ட்டியா. ஒருமுறை மட்டும் இன்னும் கொஞ்சம் பேசினார்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல பாத்துக்கோ. அதாம் ஒனக்குச் சீட்டு கெடைக்க மாட்டேங்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு என் மேசைக்கு வந்தவர் பெயர் செய்கு மொகுதூம். ஐம்பது வயதிருக்கும். பல்லாவரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு கைலியும் தொப்பியும் மட்டும் தெரிந்தன. அவர் நீட்டிய போனில் சிவப்பு எழுத்தில் எங்கள் வாசகம்: 'காரணம் உண்மைக்குப் புறம்பானது. கணக்கு முப்பது நாள் முடக்கப்பட்டது.'

காயல்பட்டினம் போக வேண்டும் என்றார். காலை ஆறரைக்கு அவருடைய காக்கா, அதாவது அண்ணன், போன் செய்திருக்கிறார். உம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லை, மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே புறப்பட்டு வா என்று. இவர் இயந்திரத்திடம் அதையே சொல்லியிருக்கிறார். பொய் என்றது இயந்திரம். ஆஸ்பத்திரிப் பெயரைச் சேர்த்துச் சொன்னார். பொய். உம்மாவின் அடையாள எண்ணையும் கொடுத்தார். முடக்கிவிட்டது.

"நான் பொய் சொல்லலைம்மா. உம்மாவ வெச்சு யாராவது பொய் சொல்லுவாங்களா?"

நான் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வெளியே இருக்கும் இயந்திரம் காட்டாத சிலவற்றை என் திரை காட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு, நான்காம் படுக்கை, காலி. இறப்புப் பதிவேடு, காலை ஐந்து ஐம்பத்திரண்டு. அதற்குக் கீழே பள்ளிவாசல் கபர்ஸ்தான் பதிவேடு: அடக்கம் இன்று, அஸர் தொழுகைக்குப் பின். அதாவது பிற்பகல் நான்கு மணி வாக்கில்.

எனக்கு ஒரு மூச்சில் எல்லாம் விளங்கிவிட்டது. காக்கா போன் செய்தபோதே உம்மா இல்லை. வெளியூரில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு நம் வீடுகளில் யார்தான் அதைப் போனில் சொல்கிறார்கள்? கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா என்போம். வாசலுக்கு வந்த பிறகுதான் கட்டிக்கொண்டு சொல்வோம். காக்கா சொன்னதை இவர் அப்படியே சொன்னார். ஆஸ்பத்திரியோ, அப்படி ஒரு நோயாளி எங்களிடம் இல்லை என்றது. இயந்திரம் இரண்டையும் வைத்துப் பார்த்து, இந்த மனிதர் பொய்யர் என்று முடிவு கட்டிவிட்டது. உண்மையை அவரிடம் சொல்லவும் அதற்கு அனுமதி இல்லை. எனக்கும் இல்லை. இறப்புச் செய்தியை உறவினர்தான் தெரிவிக்க வேண்டும், ஊழியர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

தூத்துக்குடிக்கு விமானம் பதினொன்று இருபதுக்கு. அதை விட்டால் மறுநாள் காலையில் போய்ச் சேரும் ரயில்தான். காரணத்தை 'இறப்பு' என்று நான் மாற்றினால் நூறு புள்ளியும் இடமும் அந்த நொடியே கிடைக்கும். ஆனால் சீட்டில் அது அச்சாகும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம் தலைக்கு மேல் எரியும். பக்கத்தில் இருப்பவர் யாருங்க என்று கேட்பார். அப்படியா இந்த மனிதர் தன் தாயின் சாவைத் தெரிந்துகொள்ள வேண்டும்? மாற்றாமல் விட்டால், மண்ணைத் தள்ளி முடித்த பிறகு போய் நிற்பார். கடைசியாக ஒருமுறை முகத்தைக்கூடப் பார்க்க முடியாது.

நேரம் கடத்துவதற்காக, ஊரில் வேறு யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்டேன்.

"பேசினேன்மா. ராத்தாவுக்குப் போட்டேன், மச்சானுக்குப் போட்டேன். எல்லாரும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ வாங்கறாங்க."

அதற்கு மேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் திரையில் மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு. 'பிற' என்று பெயர். காரணத்தையும் புள்ளியையும் என் கைப்பட, என் கடவுச்சொல்லின் பொறுப்பில் போடலாம். ஒவ்வொரு முறைக்கும் மேலே விளக்கம் கேட்பார்கள் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நான் போனேன். நோய் என்று எழுதினேன், ஏற்கெனவே பொய் என்று தள்ளிய காரணம் என்று இயந்திரம் ஏற்கவில்லை. வேறு என்ன எழுதுவது? பின்னால் வரிசையில் ஒருவர் சீக்கிரங்க, சீக்கிரங்க என்று கண்ணாடித் தடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கை தன் பாட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதிப் பழகிய வார்த்தையை எழுதிவிட்டது. சும்மா. பக்கத்தில் நூறு.

சீட்டு வந்தது. விமான நிலையம் வரை மெட்ரோ, தூத்துக்குடி வரை விமானம், அங்கிருந்து காயல்பட்டினத்துக்குப் பேருந்து, இரண்டரைக்கு இறங்கலாம். முடக்கத்தையும் நீக்கினேன். அவர் சீட்டை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"சும்மான்னு போட்டிருக்கு."

ஆமாங்க என்றேன், திரையில் ஏதோ வேலை இருப்பது போல.

"சும்மாவுக்கு இது சீட்டுத் தராதேம்மா. மவ வீட்டுப் பிள்ளையப் பாக்கணும்னு போன மாசம் நானே கேட்டுப் பாத்தேன்." சீட்டை இரண்டாக மடித்தார். "எத்தன மணிக்காம்?"

"பதினொண்ணு இருபதுங்க."

"நான் அதக் கேக்கல."

என் கால் ஆடுவது மேசை மேலிருந்த பேனா வரைக்கும் தெரிந்தது. விதியாவது ஒன்றாவது என்று தோன்றியது.

"அஸருக்கு அப்புறம்," என்றேன்.

அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. ஓதுகிறார் என்று தெரிந்தது. அழவில்லை. தப்பாக மாட்டிய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். வரிசையில் கண்ணாடியைத் தட்டிய ஆள்கூட ஏனோ கையை எடுத்துவிட்டார்.

"காக்காட்ட நான் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்க மாட்டேன்மா. காலைலேருந்து அவங்க எனக்காகக் கெடந்து பொய் சொல்லிட்டு இருக்காங்க. வாசல்ல வந்து அவங்க வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் உம்மாவுக்கு மேலுக்குச் சரியில்ல, அவ்வளவுதான்."

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெட்ரோ படியில் வேகமாக இறங்கினார். அன்று முழுக்க நான் அவருடைய சீட்டைத் திரையின் ஒரு மூலையில் திறந்தே வைத்திருந்தேன். ஏறினார், பறந்தார், மாறி ஏறினார். இரண்டு இருபத்தெட்டுக்கு 'இறங்கினார்' என்று வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வரும் என்று பார்த்தால், ஆளே வந்தார். நந்தகோபன். பதிவேடுகளைப் புரட்டிக் காரணத்தைச் சரிபார்க்கும் பகுதியை எழுதியவர். முப்பத்து நாலு வயது, பொள்ளாச்சிக்காரர், மரியாதையான பேச்சு. சும்மா என்று எழுதி நூறு புள்ளி போட்டிருக்கிறீர்களே, கை தவறிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். அவர் பாதி கேட்கும்போதே தலையாட்டினார்.

"எனக்குப் புரியுதுங்க மேடம். ஆனா ஒருத்தர் சொல்ற காரணம் பதிவேட்டுல இல்லைன்னா அது பொய்தானே. இயந்திரத்துக்கு வேற என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்ல? உங்க வீட்டுல யாராவது செத்தா போன்ல என்ன சொல்லுவாங்க?"

வருடாந்திர அறிக்கையில் ஒரு வரி இருந்தது. நோய் என்று பொய்க் காரணம் சொல்வதில் தமிழ்நாடு முதலிடம் என்று. அதை வாசித்துவிட்டு உணவு இடைவேளையில் நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம். லீவுக்குப் பாட்டியைக் கொல்கிற ஜனம்தானே என்று நானே சொன்னேன். நந்தகோபன் மடிக்கணினியைத் திறந்து அந்தப் பட்டியலை எடுத்தார். ஆறு மாதத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். அதை இறப்புப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆயிரத்துத் தொண்ணூற்றாறு பேருக்கு, அவர்கள் நோய் என்று சொன்ன அன்றைக்கு, வீட்டில் சாவு.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் அவர்கள் வீட்டார் சொன்ன பொய்யை நம்பினார்கள், அவ்வளவுதான். ஆயிரத்துத் தொண்ணூற்றாறு பேர் முகம் பார்க்காமல் நின்றிருக்கிறார்கள். முப்பது நாள் முடக்கம் என்பதால் பதினாறாம் நாளுக்கும் போயிருக்க மாட்டார்கள். அதில் எத்தனை பேர் என் மேசைக்கே வந்து கத்தியிருப்பார்கள், எத்தனை பேரை நான் திரையைச் சரியாகப் பார்க்காமல் அடுத்த ஆள் என்று அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். நந்தகோபன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எங்க சித்தப்பா தவறினப்போ அம்மா எனக்கு இப்படித்தாங்க போன் பண்ணினாங்க. ஆக்சிடென்ட்டு, சின்ன அடிதான், வந்துரு சாமின்னு. பஸ்ல ஆறு மணி நேரம் அவருக்கு ஆரஞ்சு வாங்கி மடியில வெச்சுட்டுப் போனேன். எனக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சும் எழுதறப்போ தோணவே இல்லை."

அன்று மாலை வரை இருவரும் உட்கார்ந்து புது விதி ஒன்றைச் செய்தோம். பதிவேட்டில் நெருங்கிய உறவில் இறப்பு இருந்து, பயணி அதைச் சொல்லாமல் வேறு எந்தக் காரணத்தைச் சொன்னாலும், அவருக்கு அது தெரியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு புள்ளி கொடுத்துவிட வேண்டும். சீட்டில் மட்டும் வேறு வார்த்தையை அச்சடிக்க வேண்டும். என்ன வார்த்தை என்பதில்தான் தகராறு. 'குடும்பம்' என்று யோசித்தோம், 'அவசரம்' என்று யோசித்தோம். இரண்டும் வயிற்றைக் கலக்கும். கடைசியில் அவர் நான் எழுதியதையே எடுத்துக்கொண்டார். சும்மா என்று எரிந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எதுவும் கேட்க மாட்டார், அதைவிட நல்ல வார்த்தை கிடையாது என்றார்.

நிஜமாகவே சும்மா போக நினைப்பவர்களுக்கு என்ன புள்ளி என்று கேட்டேன். பூஜ்யம்தான், அது சட்டம், அதில் நான் கை வைக்க முடியாது என்றார். இந்த விதியைப் பற்றி வெளியே மூச்சு விட வேண்டாம், தெரிந்துவிட்டால் பலன் இல்லை என்றும் சொன்னார். எங்கள் இருவரைத் தவிர அது யாருக்கும் தெரியாமல் நடப்புக்கு வந்தது.

அதன் பிறகு ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது. ஒருவழிக்கு மனசு வந்துவிட்டது, இப்போதெல்லாம் சும்மாவுக்கும் சீட்டுக் கொடுக்கிறதாம் என்று. ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பூஜ்யம். அதிர்ஷ்டம் இருந்தால்தான் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். முனையத்தில் ஒரு கல்லூரிப் பெண், சும்மா என்று அச்சான சீட்டைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா வரச் சொல்லி மெசேஜ் போட்டிருந்தார், டிரையல் பார்த்தேன், கிடைத்துவிட்டது என்று தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை வரச் சொன்னது அப்பா இல்லை, அப்பாவின் போனிலிருந்து வேறு யாரோ என்பது நான் ஒருத்தி மட்டும் அறிந்தது. வேறொரு நாள் ஓர் இளைஞன், கரூர் போகிறவன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தாளம் போட்டபடி என்னைக் கடந்து போனான். அவன் கையிலும் அந்தச் சீட்டு. நாங்கள் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கால் முன்னைவிட அதிகமாக ஆடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்பாசமுத்திரத்துக்குக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையை என் விரலால் எழுதப் பிடிக்கவில்லை.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகால், மேசையில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருக்கும்போது அண்ணனிடமிருந்து போன். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை அவன். எடுத்தவுடன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஏளா, இன்னைக்கு லீவு போட முடியுமா? சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். அப்பா ஒன்னையத் தேடுதாவ."

அவனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார், சும்மாதான் என்றான். அப்பாவிடம் கொடு என்றேன். குளிக்கிறார் என்றான். எனக்குச் சீட்டுக் கிடைக்காது என்று உனக்குத் தெரியாதா என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். கேட்டுப் பாரேன் என்றான். அவனிடம் வாதாட நேரமில்லை. இடம் இல்லை என்று வரும் பதிலை அப்படியே படம் பிடித்து அனுப்பிவிட்டால் வாயை மூடிக்கொள்வான் என்று, போனை எடுத்து நாலு மாதத்துக்குப் பிறகு அதை எழுதினேன். அம்பாசமுத்திரம். சும்மா.

சீட்டு வந்தது.

மெட்ரோ பத்து ஐம்பதுக்கு. விமானம் பன்னிரண்டு பத்துக்கு. தூத்துக்குடியிலிருந்து வாடகைக் கார். எனக்கு எந்த ஜன்மத்திலும் கிடைக்காத வாடகைக் கார். அம்பாசமுத்திரம் மூன்றரை மணி. புள்ளி நூறு. காரணம்: சும்மா.

அந்த வார்த்தையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டேன். எதிரில் ஒருவர் தன் மைத்துனன் கல்யாணத்துக்கு ஏன் முப்பது புள்ளிதான் கிடைத்தது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் காதில் ஏறவில்லை. என் முன்னால் திரை இருந்தது. அப்பாவின் அடையாள எண் எனக்கு மனப்பாடம். பன்னிரண்டு இலக்கத்தைத் தட்டினால் மணி, நிமிடம் எல்லாம் சொல்லிவிடும். அண்ணன் எத்தனை மணிக்கு எடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பதுகூடத் தெரிந்துவிடும். நான் தட்டவில்லை. குனிந்து பார்த்தேன். என் கால் ஆடாமல் நின்றிருந்தது.

போன் மறுபடி அடித்தது. அவன்தான்.

"கெடைச்சுட்டா?"

"கெடைச்சுட்டுண்ணே. சும்மான்னுதான் போட்டேன், குடுத்துட்டான்."

அந்தப் பக்கம் யாரோ அவனிடம் ஏதோ கேட்க, அவன் போனைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வது கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்லதாப் போச்சு என்றான். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவன் காலையிலிருந்து எத்தனை பேரிடம் பேசியிருப்பான் என்று நினைத்தேன். துணிப்பையோடு நின்ற அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் நினைவுக்கு வந்தார்.

"அப்பாட்டச் சொல்லு, நான் கெளம்பிட்டேன்னு. வெளிய நிக்காண்டாம், வெயிலா இருக்கும்."

"சொல்லுதேம்ளா."

"நீ சாப்ட்டியாண்ணே?"

அவன் போனை வைத்துவிட்டான்.

விமானத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை. தலைக்கு மேல் அது எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாளுக்கு மேலே 'வழக்கு' என்று எரிந்தது. பெல்ட்டை மாட்டிக்கொண்டே என் திரையை அண்ணாந்து இரண்டு முறை வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பொறாமையை மறைக்காமல் சிரித்தார்.

"குடுத்து வெச்சவங்க நீங்க. நெஜமாவே சும்மாதான் போறீங்களா?"

"ஆமாங்க," என்றேன். "சும்மாதான். அப்பாவப் பாக்க."